உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன்

பழைய மரச்சாமானுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா, கூடாதா என்ற பேச்சு வந்தால் இரண்டு கட்சி உடனே பிரிந்துவிடும். தாத்தா காலத்துத் தேக்கு பீரோவை வெளிர் நீலமாக்கி, ஓரங்களைத் தேய்த்துவிட்டு, மேலே மெழுகு பூசிப் படுக்கையறையில் வைப்பவர்கள் ஒரு பக்கம். மரத்தின் ரேகை தெரியாமல் மூடுவதே பாவம் என்பவர்கள் மறுபக்கம். இருவரும் மேலே பூசுவதைப் பற்றியே வாதாடுகிறார்கள். பூசுவதற்கு முன் நடக்கும் வேலையை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு சாமானின் தலையெழுத்து தீர்மானமாவது அங்கேதான் என்பது என் கணிப்பு. மேலே தவறாகப் பூசியதைப் பெரும்பாலும் பின்னால் எடுத்துவிடலாம். அடியில் சுரண்டி எறிந்ததைத் திரும்ப வைக்க வழியே கிடையாது.

பழைய தேக்கு மேசை ஒன்றின் இழுப்பறையை முழுவதுமாக வெளியே இழுத்து, அதன் பக்கப் பலகையையும் முகப்பையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பாருங்கள். வெயிலே படாத பக்கப் பலகை மங்கிய மஞ்சளாக இருக்கும். முகப்போ ஆழ்ந்த தேன் நிறத்தில் இருக்கும். இரண்டும் ஒரே மரம்தான். வெளிச்சமும் காற்றும், நாள்தோறும் பட்ட கையும், துடைத்த துணியும் சேர்ந்து கொண்டுவந்த நிறம் அது. பலகையின் உள்ளே முழுக்க அது ஓடுவதில்லை. மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில்தான் நிற்கிறது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் இழைப்புளி போன தடம் மெல்லிய அலைகளாகத் தெரியும். மூலை மூட்டுகளில், வெட்டுவதற்கு முன் ஆசாரி கூர்முனையால் கிழித்த அளவுக்கோடு இன்னும் இருக்கும். மின்சார உப்புத்தாள் மெஷினை அந்தப் பலகைமேல் சில நிமிடம் ஓட்டினால் நிறமும் போகும், அலையும் போகும், கோடும் போகும். மிஞ்சுவது நேற்று அறுத்த மரத்தைப்போல ஒரு வெளிறிய பலகை. அப்புறம் அதன்மேல் டப்பாவிலிருந்து எடுத்த ‘தேக்கு நிற’ ஸ்டெயினைப் பூசிப் பழமையைத் திரும்ப வரவழைக்கப் பார்க்கிறோம்.

போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லும் நிலையிலும் நாம் இல்லை. பர்மா தேக்கு தமிழ்நாட்டுக்குத் தாராளமாக வந்தது நகரத்தார் அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில். 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது அந்தப் போக்குவரத்து முறிந்தது. செட்டிநாட்டு வீடுகளின் தூண், கதவு, கட்டில், பெட்டகம் எல்லாம் பெரும்பாலும் அதற்கு முன் வந்து சேர்ந்த மரம். வீடுகள் பாகம் பிரிந்தும் இடிக்கப்பட்டும் வெளியே வந்த சாமான்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இன்றும் பார்க்கலாம். மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்துத் தொடங்கிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை நாடு முழுவதும் காட்டு மரத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஈட்டி மரம் அடங்கிய பேரினத்தின் மரங்கள் ஏறக்குறைய அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2017 ஜனவரியிலிருந்து இருக்கின்றன. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் தோட்டத்தில் வளர்ந்து சீக்கிரமே வெட்டிய தேக்கு. காட்டில் நின்று நிதானமாக வைரம் பாய்ந்த மரத்தை இனி பெரும்பாலும் பழைய சாமான்களில்தான் பார்க்க முடியும்.

சரி, அந்தச் சாமான்களின்மேல் ஏற்கெனவே இருப்பது என்ன? சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் செய்த நல்ல மேசை, நாற்காலி, அலமாரி என்றால் பெரும்பாலும் அரக்குதான். புரசு, இலந்தை, பூவத்தி போன்ற மரங்களின் சிறுகிளைகளில் அரக்குப் பூச்சி மொய்த்துத் தன்னைச் சுற்றிச் சுரக்கும் பிசின் அது. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் இன்றும் பழங்குடி மக்கள் கொம்பரக்காக வெட்டி எடுத்துச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். அதை நொறுக்கி, அலசி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் கடையில் கிடைக்கும் செதில் அரக்கு. ஐரோப்பியர் இதைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனார்கள். சீன அரக்குச் சாமான்களைப்போலத் தாங்களும் செய்ய ஆசைப்பட்டு, 1688இல் ஸ்டாக்கர், பார்க்கர் என்ற இருவர் ஆக்ஸ்போர்டில் அச்சிட்ட செய்முறைப் புத்தகத்திலேயே இந்த அரக்குக்கு முக்கிய இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பொட்டலத்தால் தேய்த்தேற்றும் முறை அங்கே பரவி, பிரெஞ்ச் பாலிஷ் என்று பெயர் பெற்றது. நம் காட்டு அரக்கு அந்தப் பெயரோடு நம் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தது. கிராமபோன் தட்டுகளையும் வினைல் வரும்வரை இதே அரக்கில்தான் வார்த்தார்கள். அரக்கு அவ்வளவு பெரிய வணிகமாக இருந்ததால்தான் 1924இல் ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் அதற்கென்று தனி ஆராய்ச்சி நிலையமே தொடங்கினார்கள்.

நல்ல பாலிஷ்காரர் ஒருவர் வேலை செய்வதை நின்று பார்க்க வேண்டும். பஞ்சை உருட்டி, சலவை செய்து நைந்த பருத்தித் துணியில் பொதிந்து, உள்ளங்கைக்கு அடங்கும் பொட்டலமாக்கிக்கொள்வார். ஸ்பிரிட்டில் கரைந்த அரக்கைப் பஞ்சு குடிக்கும். துணி அதை வடித்துக் கொடுக்கும். பலகையின்மேல் பொட்டலம் வட்டமாகவும் எட்டுப் போலவும் ஓடிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் ஒரு நொடி நின்றால் போதும், ஈரத் துணி கீழே இருக்கும் அரக்கையும் இளக்கிப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஒட்டாமல் வழுக்க ஒரு துளி எண்ணெய் தொட்டுக்கொள்வார். ஒவ்வொரு தேய்ப்பிலும் ஏறுவது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். நாள் கணக்கில் இடைவெளி விட்டுவிட்டு ஏற்றினால்தான், மரத்துக்குள்ளிருந்து வெளிச்சம் வருவதுபோன்ற அந்த ஆழம் கிடைக்கும்.

அரக்குக்குக் குறைகள் உண்டு. காபி தம்ளரைச் சுடச்சுட வைத்தால் வெள்ளை வளையம் விழும். தண்ணீர் தேங்கினாலும் அப்படியே. சென்ட், சானிடைசர் சிந்தினால் கரைந்துபோகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாலிஷ் போட்டால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பால்போல வெளுத்துவிடும். தை பிறந்த பிறகு வருகிறேன் என்று பாலிஷ்காரர் சொன்னால் அது சாக்கு அல்ல. அவருக்கு வேலை தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இந்தக் குறைகளுக்கெல்லாம் ஈடாக அரக்குக்கு ஒரு பெருங்குணம் இருக்கிறது. எவ்வளவு காலம் ஆனாலும் ஸ்பிரிட் பட்டால் இளகும். எனவே கீறலையும் வளையத்தையும் அந்த இடத்தில் மட்டும் சரிசெய்யலாம். புது அரக்கு பழைய அரக்கோடு கலந்து ஒன்றாகிவிடும். அதற்குப் பின்னால் வந்த பூச்சுகளில் இந்தக் குணம் படிப்படியாகக் குறைந்தது. மெலமைனும் பி.யு. எனப்படும் பாலியூரித்தேனும் சூட்டையும் நீரையும் நன்றாகத் தாங்கும். ஆனால் கெட்டால் ஒட்டுப்போட முடியாது. முழுக்கச் சுரண்டித்தான் ஆக வேண்டும். புதிதாகச் செய்யும் சாப்பாட்டு மேசைக்கு அவை நல்லவை. நூறாண்டுச் சாமானுக்கு அவற்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மரத்துக்கு வர்ணம் பூசுவது பிழை என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. சுவீடனில் மூன்றாம் குஸ்டாவ் மன்னர் ஆண்ட 1771 முதல் 1792 வரையிலான காலத்தின் பெயரைத் தாங்கிய மேசை நாற்காலிகள் இளஞ்சாம்பலும் வெள்ளையும் பூசியவை. ஆல்ப்ஸ் மலையடிக் கிராமங்களிலும், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர் வீடுகளிலும் சீர்ப்பெட்டிகளில் பூவும் பறவையும் எழுதினார்கள். அந்த மரங்கள் பைன், பிர்ச் போன்றவை. வெளிறிய நிறம், மலிவு, எங்கும் கிடைக்கும். வர்ணம் பூசுவதற்கென்றே அவற்றைச் செய்தார்கள். நம்மிடமும் இது உண்டு. குழந்தை நடை பழகும் நடைவண்டி, அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான், சன்னபட்டணத்து பொம்மை, கோயில் வாகனம் எல்லாம் வர்ணத்துக்காகப் பிறந்தவை. சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு, வர்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். குஜராத்தின் சங்கேடாவில் கடைந்த தேக்கையே வர்ணமும் அரக்கும் ஏற்றிக் காவியும் பொன்னுமாக மாற்றுகிறார்கள். ஆகவே தேக்கு என்றாலே வர்ணம் கூடாது என்று அடித்துச் சொல்ல இடமில்லை. சாமானைச் செய்தவர் எதை எண்ணிச் செய்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். சங்கேடாவில் கடைபவர் வர்ணத்தை எண்ணியே கடைகிறார். செட்டிநாட்டுப் பெட்டகத்தின் முகப்புக்குப் பலகை தேர்ந்த ஆசாரி, இரண்டு கதவிலும் ரேகை ஒன்றுக்கொன்று எதிராகப் பொருந்தும்படி தேர்ந்தார். அவர் எண்ணியது ரேகையை.

இந்த எண்ணத்தை மறந்தால் இரு திசையிலும் தவறு நடக்கும் என்பதற்கு இங்கிலாந்து நல்ல சாட்சி. 1960களிலும் 70களிலும் அங்கே பழைய பைன் கதவுகளையும் அலமாரிகளையும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி, வர்ணத்தை உரித்து, வெறும் மரமாக விற்கும் மோகம் பரவியது. செய்தவர்கள் ஒருபோதும் வெறும் மரமாகக் காட்ட நினைக்காத பைன் அது. முடிச்சும் ஒட்டுமாக இருந்ததை வர்ணம் மூடியிருந்தது. நூறு, நூற்றைம்பது வருஷத்து வர்ணங்கள் அந்தத் தொட்டிகளில் கரைந்துபோயின. சோடா ஊறியதில் மூட்டுகளின் பசையும் விட்டது. இத்தனைக்கும், பழைய கட்டடங்களைச் சுரண்டிப் புதுப்பிப்பதை எதிர்த்து வில்லியம் மோரிஸ் 1877இல் சங்கம் தொடங்கிய நாடு அது. ‘சுரண்டல் எதிர்ப்பு’ என்றே அந்தச் சங்கத்துக்குப் பட்டப்பெயர். கல்லுக்குப் புரிந்துகொண்டதை மரத்துக்குப் புரிந்துகொள்ள அவர்களுக்கும் வெகுகாலம் பிடித்தது. வர்ணத்துக்காகச் செய்த மரத்தை அங்கே உரித்தார்கள். ரேகைக்காகச் செய்த மரத்தை இன்று இங்கே மூடுகிறோம்.

மூடும் மோகமும் மேற்கிலிருந்து வந்ததுதான். ரேச்சல் ஆஷ்வெல் 1989இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில், நைந்த வெள்ளை வர்ணச் சாமான்களை அழகென்று விற்கும் கடையைத் திறந்தார். அடுத்த வருஷமே, 1990இல், ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் சாக் பெயிண்ட்டை உருவாக்கினார். சுண்ணாம்புப் பொடிபோல மங்கிய, பளபளப்பே இல்லாத பூச்சு. தூரிகையைத் தண்ணீரிலேயே கழுவலாம், நாற்றம் குறைவு, ஒன்று அல்லது இரண்டு கோட்டில் மூடும். காய்ந்த பிறகு தொட்டால் மாவு தடவியதுபோல இருக்கும். கைப்பட்டால் கறை பிடிக்கும். அதனால் மேலே மெழுகு பூசித் துணியால் தேய்த்து மூடவேண்டும். இப்போது இந்தியாவிலும் பல பெயர்களில் இதுபோன்ற பெயிண்ட் கிடைக்கிறது. சாதாரண எமல்ஷனில் சாக்குப்பொடி கலந்து வீட்டிலேயே செய்துகொள்வாரும் உண்டு.

இந்தப் பெயிண்ட்டைப் பற்றிச் சொல்லும் பெருமைகளில் முதலாவது, உப்புத்தாள் போடத் தேவையில்லை, பிரைமரும் தேவையில்லை என்பது. சோம்பேறிகளுக்கான வசதி என்று பலர் இதைத் தள்ளுகிறார்கள். என் பார்வையில் இதுதான் அதன் தலையாய நன்மை. பழைய அரக்கின்மேல் எதையும் சுரண்டாமல் நேரே சாக் பெயிண்ட் அடித்தால், மரத்துக்கும் பெயிண்டுக்கும் நடுவே அரக்கு ஒரு தடுப்பாக நின்றுவிடுகிறது. இருபது வருஷம் கழித்துப் பேத்திக்கு அந்த நீலம் பிடிக்கவில்லை என்றால், முதலில் டர்பன்டைனால் மெழுகைத் துடைத்துவிட்டு, ஸ்பிரிட்டும் பொறுமையும் கொண்டு அடியிலிருக்கும் அரக்கை இளக்கினால் பெயிண்டும் சேர்ந்து கழன்று வரும். மரம் பெரும்பாலும் முன்போலவே வெளிப்படும். ஆனால் நடப்பது என்ன? எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் பெயிண்டர் உப்புத்தாள் மெஷினைப் போடுகிறார். அரக்கு போய் மரத்தின் துளைகள் திறந்துகொள்கின்றன. தேக்கின் துளைகள் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை. வெள்ளைப் பெயிண்ட் அதற்குள் இறங்கிவிட்டால் பிறகு ஊசியால் தோண்டினாலும் முழுதாக வராது. ரேகை எங்கும் வெள்ளைப் புள்ளிகளோடு நிற்கும் தேக்குக் கதவுகளைப் பழைய சாமான் கடைகளில் பார்த்திருப்பீர்கள். பெயிண்ட் அடித்ததைவிட, அடிப்பதற்கு முன் சுரண்டியதன் விளைவு அது.

சுரண்டத் தேவையில்லை என்பதைக் கழுவத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்வதும் தவறு. சமையலறையில் நின்ற அலமாரியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்தப் பெயிண்டும் பட்டை பட்டையாக உரியும். இன்னொரு சிக்கல் சாயம் கசிவது. ஈட்டி, மஹாகனி, சில தேக்கு ஆகியவற்றில் இருக்கும் இயற்கைச் சாயம் தண்ணீர்ப் பெயிண்ட்டில் கரைந்து மேலேறும். காலையில் வெள்ளையாக அடித்தது மறுநாள் மஞ்சளாகவோ வெளிர்சிவப்பாகவோ திட்டுத்திட்டாகத் தெரியும். எத்தனை கோட்டிங் கூட்டினாலும் நிற்காது. அரக்கை மெல்லியதாகக் கரைத்து ஒரு கை பூசிக் காயவிட்டுப் பிறகு அடித்தால் நிற்கும். பெயிண்ட் அடிப்பவருக்கும் கடைசியில் அரக்குதான் துணை.

ஓரங்களைத் தேய்த்துப் பழசாக்குவது எனக்கு உடன்பாடில்லாத வேலை. புதுப்பலகையில் செய்தால் அது அலங்காரம். யார் வேண்டுமானாலும் செய்யட்டும். உண்மையாகவே பழைய சாமானில், கைபட்டுத் தேய்ந்த உண்மையான ஓரத்தை மூடிவிட்டு, அதன்மேல் பொய்யாக ஒரு தேய்மானத்தை உண்டாக்குவது எதற்காக? அந்தத் தேய்ப்பு பெயிண்டோடு நிற்பதும் இல்லை. அடியில் இருக்கும் அரக்கையும் நிறத்தையும் சேர்த்துத்தான் எடுக்கும்.

மெழுகைப் பற்றி நம் ஊர்க் கணக்கில் யோசிக்க வேண்டியிருக்கிறது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையில் படியும் கார்னூபா மெழுகு 80 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆக்ஸ்போர்டின் குளிருக்குத் தேன்மெழுகு மட்டும் போதும். சென்னையிலோ திருச்சியிலோ கத்திரி வெயிலில் மேற்கு ஜன்னல் ஓரம் நிற்கும் மேசையில் அது உருகாவிட்டாலும் இளகிப் பிசுபிசுக்கும், தூசியைப் பிடிக்கும். கார்னூபா கொஞ்சம் கலந்த மெழுகே நமக்கு ஏற்றது. எந்த மெழுகானாலும் மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, மிச்சத்தை முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும். அப்பிவைத்தால் அழுக்குதான் சேரும். முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும். சுடுதம்ளர் வைக்கும் இடத்துக்கு மெழுகுப் பூச்சு உதவாது. அலமாரி, பெட்டி, படச்சட்டம், கட்டில் தலைமாடு இவற்றுக்கு நன்றாக உதவும். சாக் பெயிண்டின்மேல் கருமெழுகு போட ஆசைப்படுவோர் முதலில் நிறமற்ற மெழுகு ஒரு கை போட்டுவிட்டுப் போட வேண்டும். நேரே போட்டால் பெயிண்ட் அதைக் குடித்துக் கறையாகிவிடும்.

வீட்டிலேயே மெழுகுப் பசை செய்வது சுலபம். தேன்மெழுகைக் காய்கறித் துருவலில் துருவி, அதன் எடையில் மூன்று நான்கு பங்கு டர்பன்டைனில் போட்டு, மூடிய பாட்டிலில் ஒரு நாள் வைத்தால் தானே கரைந்து வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். அடுப்பில் வைக்கவே கூடாது. டர்பன்டைன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் தடவித் துடைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தடவிய அன்று கதவு மின்னும். ஆனால் தேங்காயெண்ணெய் காய்ந்து படலமாகும் எண்ணெய் அல்ல. நல்லெண்ணெயும் அப்படி இறுகுவதில்லை. சிக்கேறித் தூசி படிந்து கறுத்துப்போகும். படலமாக இறுகுவது ஆளிவிதை எண்ணெய். கூரைச் சட்டங்களுக்கும் வெளிமரத்துக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது கறையானுக்காக. அதை வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்குக் கொண்டுவர வேண்டாம்.

ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூட்டை வெளியிடும். சுருட்டிய துணியில் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படித்தான் எரிந்தது. மரச்சுவருக்குப் பூச்சு வேலை பார்த்தவர்கள் 22ஆவது மாடியில் விட்டுப்போன எண்ணெய்த் துணிகளே காரணம். தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தார்கள். துணியைத் தண்ணீரில் நனைத்தோ, வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிட்டோதான் எறிய வேண்டும்.

எந்த முடிவுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒரு சின்னச் சோதனை. கண்ணில் படாத இடத்தில், உதாரணமாக மேசையின் பின்காலில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிடம் அழுத்துங்கள். பிசுபிசுப்பாக இளகிப் பஞ்சில் பழுப்பு ஏறினால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷ் அல்லது பி.யு. டர்பன்டைனில் துடைத்தவுடன் பஞ்சில் மஞ்சளும் கறுப்புமாக வந்தால் மேலே இருப்பது பல வருஷ மெழுகும் அழுக்கும்தான். கறுத்துப்போன சாமான்களில் பெரும்பாலும் இந்தக் கடைசி நிலைதான் உண்மை. வெளிச்சமான இடத்தில் வைத்து, டர்பன்டைன் துணியால் பகுதி பகுதியாகத் துடைத்து, பிறகு மென்மையான சோப்புநீரில் பிழிந்த துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் அடியிலிருந்து முழு அரக்கு வெளிவருவதைக் காணலாம். அதன்மேல் மெழுகு ஒரு கை. பல சாமான்களுக்கு வேலை இதோடு முடிந்துவிடும். பெயிண்டா பாலிஷா என்ற கேள்வியே எழாது.

பழைய எனாமல் பெயிண்ட் ஏறிய சாமான் என்றால் கேள்வி உடம்பைப் பற்றியது. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையானது. அதற்கு முன் அடித்த பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமலில் ஈயம் நிறைய இருக்கலாம். அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத் தூள் வீடு முழுக்கப் பறக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அது கெடுதல் செய்யும் என்பதில் சந்தேகமில்லை. குழந்தையும் கர்ப்பிணியும் இருக்கும் வீட்டில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது. பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் கழுவிவிட்டு அதன்மேலேயே புதுப்பெயிண்ட் அடித்து மூடுவதுதான் புத்திசாலித்தனம். சாக் பெயிண்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் நனைத்துத் தேய்க்க வேண்டும், வெளியில் வைத்துச் செய்ய வேண்டும், தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பட்டறைகளில் காஸ்டிக் சோடா தடவி உரிப்பது சீக்கிரம் முடிகிற வேலை. தேக்கை அது கறுக்கடிக்கும், மூட்டை விடச்செய்யும், கையைப் புண்ணாக்கும். பெயிண்ட் ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு கலந்தவற்றைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கா 2019இல் தடை செய்தது. மூடிய அறையில் அந்த ஆவியைச் சுவாசித்து இறந்தவர்கள் உண்டு. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். பழைய பூச்சைத் தொட்டாலே விலை போய்விடும் என்ற நம்பிக்கை மிகையானது என்று, மரப்பூச்சு பற்றி 1994இல் வந்த ‘அண்டர்ஸ்டாண்டிங் வுட் ஃபினிஷிங்’ புத்தகத்தை எழுதிய பாப் ஃப்ளெக்ஸ்னர் தொடர்ந்து வாதாடியிருக்கிறார். பூச்சு முற்றிலும் சிதைந்து மரம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் திறந்து கிடக்கும்போது, தொடாதே என்று சொல்வது அதை அழியவிடுவதுதான் என்பது அவர் பக்க நியாயம். எனக்கு அதில் மறுப்பில்லை. மொட்டைமாடியில் பத்து மழைக்காலம் கண்ட ஊஞ்சல் பலகைக்குப் பாதுகாக்கப் பழைய பூச்சு என்று எதுவும் மிஞ்சியிருக்காது. அதை இழைக்கலாம், தேய்க்கலாம், புதிதாகப் பூசலாம். அப்படிப்பட்டவை குறைவு என்பதே என் வாதம். பூச்சு மங்கியிருப்பதற்கும் சிதைந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்காமலேயே பெரும்பாலானவற்றைத் தேய்த்துவிடுகிறோம்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். தேக்கு, ஈட்டி, வேங்கை என்று ரேகைக்காகத் தேர்ந்த மரத்தில், அரக்கு உயிரோடு இருந்தால் துடைத்து மெழுகு போடுங்கள். அங்கங்கே போயிருந்தால் பிரெஞ்ச் பாலிஷ் தெரிந்தவரை வைத்து அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடுங்கள். பல மரம் கலந்து செய்தது, மக்கு வைத்து அடைத்தது, ஏற்கெனவே எனாமல் ஏறியது, மாமரத்திலும் வேம்பிலும் சாதாரணமாகச் செய்தது என்றால் பெயிண்ட் அடிப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. மனதுக்குப் பிடித்த நிறத்தில் அடித்து, மெழுகு போட்டு, இன்னும் முப்பது வருஷம் புழங்குங்கள். குப்பைக்குப் போவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ரேகை மரத்தையே வர்ணமாக்கித்தான் தீர வேண்டும் என்ற ஆசை இருந்தால் சுரண்டாமல் அடியுங்கள். உளு அரித்த இடத்தையும் ஆடும் மூட்டையும் முதலில் சரிசெய்யுங்கள். எந்தப் பூச்சும் அவற்றைப் பிடித்து நிறுத்தாது. பிரெஞ்ச் பாலிஷ் கைவந்த பாலிஷ்காரர்கள் ஊருக்கு ஒருவர் இருவர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கூலி மெஷின் போடுபவர் கேட்பதைவிடக் கூடுதலாக இருக்கும்; பேரம் பேசாமல் கொடுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வேலை முடிந்ததும் என்ன துடைத்தீர்கள், என்ன பூசினீர்கள், எந்த வருஷம் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதி, இழுப்பறையின் அடிப்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்து அந்தச் சாமானில் கை வைப்பவர் ஸ்பிரிட் எடுப்பதா, தின்னர் எடுப்பதா என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.